மூன்று குரல்களில் ஒன்று – கானி பாஸ்வெல்

எல்லா ஃபிட்ஸ்ஜெரால்ட் பாட வந்த கதையை ஜாஸ் கேட்பவர்கள் எங்காவது படித்திருப்பார்கள். 1934 நவம்பர் 21ஆம் தேதி, நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் உள்ள அப்போலோ அரங்கில் புதுமுகங்களுக்கான போட்டி. தாயை இழந்து, நிலையாகத் தங்க ஓர் இடமில்லாமல் அலைந்துகொண்டிருந்த 17 வயதுக் கறுப்பினப் பெண் ஒருத்தி நடனமாடும் எண்ணத்தோடு வந்திருந்தாள். அவளுக்கு முன்னால் எட்வர்ட்ஸ் சகோதரிகள் ஆடிய ஆட்டத்தைப் பார்த்ததும் அவளுக்குத் தைரியம் போய்விட்டது. மேடையேறிய பிறகு சும்மா நிற்க முடியாதே என்று பாட ஆரம்பித்தாள். அவளுக்குத் தெரிந்த ஒரே வழி, தான் வீட்டில் இசைத்தட்டில் கேட்டு மயங்கிய ஒரு பாடகியைப் போலப் பாடுவது. அப்படியே பாடினாள்; முதல் பரிசு கிடைத்தது. அதற்குப் பிறகு நடந்தது எல்லாம் வரலாறு.

அந்தப் பாடகியின் பெயர் கானி பாஸ்வெல். ஃபிட்ஸ்ஜெரால்ட் தன் வாழ்நாள் முழுவதும் பேட்டிகளில் அந்தப் பெயரைச் சொல்லி வந்தார். அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதுபவர்களும் ஒரு வரியில் சொல்லிவிட்டுக் கடந்து போய்விடுகிறார்கள். நானும் பல வருடங்கள் அப்படித்தான் கடந்து போனேன். ஒரு பனிக்கால இரவில் வானொலியில் மூன்று பெண்கள் பாடும் பழைய பாட்டொன்று வந்தது. மெதுவாக ஆரம்பித்த பாட்டு நடுவில் சட்டென்று ஓட்டமெடுத்தது, பிறகு நின்றது, சொற்கள் எல்லாம் உருமாறி அர்த்தமில்லாத ஏதோ பாஷையாகி, மறுபடியும் இங்கிலீஷுக்குத் திரும்பியது. அறிவிப்பாளர் 1932 என்று சொன்னபோது நம்ப முடியவில்லை. பாஸ்வெல் சகோதரிகள் என்றார். அந்த ஒற்றை வரிக்குள் இருப்பவரைத் தேடத் தொடங்கியது அன்றைக்குத்தான்.

*

கான்ஸ்டன்ஸ் பாஸ்வெல் 1907 டிசம்பர் 3ஆம் தேதி மிசௌரி மாநிலத்தின் கான்சஸ் நகரத்தில் பிறந்தார். வீட்டில் கானி. அக்கா மார்த்தா 1905இல் பிறந்தவர்; தங்கை ஹெல்வேஷியா 1911இல். தங்கையை எல்லோரும் வெட் என்று அழைத்தார்கள். இவர்களுக்கு மூத்தவராக க்ளைடி என்று ஒரு அண்ணன். 1914இல் குடும்பம் நியூ ஆர்லியன்ஸுக்குக் குடிபெயர்ந்தது. கேம்ப் தெருவில் வீடு. வசதியான வெள்ளையர் குடும்பம். பெற்றோர் இருவருக்கும் பாட்டில் பிரியம்.

சின்னக் குழந்தையாக இருந்தபோதே கானியின் கால்கள் செயலிழந்தன. பொம்மை வண்டியில் விளையாடியபோது நேர்ந்த விபத்து என்று குடும்பத்தார் சொல்லி வந்தார்கள். இளம்பிள்ளை வாதம் என்பதுதான் உண்மை என்று பின்னாளில் ஆராய்ந்தவர்கள் பெரும்பாலும் கருதுகிறார்கள். அந்தக் காலத்தில் இளம்பிள்ளை வாதம் என்று சொன்னால் தெருவே ஒதுங்கிப் போகும். ஒரு தாய் விபத்துக் கதையைத் தேர்ந்தெடுத்திருந்தால் அதைப் புரிந்துகொள்ள முடிகிறது. காரணம் எதுவானாலும் விளைவு ஒன்றுதான். கானி ஆயுள் முழுவதும் சக்கர நாற்காலியை நம்பி வாழ்ந்தார்.

மூன்று பெண்களுக்கும் முறையான மேற்கத்திய செவ்வியல் இசைப் பயிற்சி கிடைத்தது. ஆட்டோ ஃபிங்க் என்ற ஆசிரியர். மார்த்தாவுக்கு பியானோ, கானிக்கு செல்லோ, வெட்டுக்கு வயலின். வீட்டிலேயே ஒரு சிறு வாத்தியக் குழு அமைந்துவிட்டது. கானியின் குரலில் இருக்கும் அந்த அடர்ந்த, சற்றே கீழிறங்கிய நாதம் செல்லோவிலிருந்து வந்தது என்று எனக்குத் தோன்றும். இதற்கு ஆதாரம் எதுவும் என்னிடம் இல்லை, காது சொல்வதுதான்.

ஆனால் வசித்த ஊர் நியூ ஆர்லியன்ஸ். செவ்வியல் பயிற்சியை அந்த ஊர் சும்மா விட்டுவைக்குமா? அண்ணன் க்ளைடி ஊரின் இளம் ஜாஸ் கலைஞர்களோடு சிநேகம் வைத்திருந்தார். அவர் 1918இல் உலகத்தையே அலைக்கழித்த இன்ஃப்ளுயன்ஸா கொள்ளைநோயில் மாண்டார். சிநேகிதர்கள் மட்டும் வீட்டுக்கு வருவதை நிறுத்தவில்லை. அவர்களில் எம்மெட் ஹார்டி என்ற கார்னெட் வாசிப்பவர் முக்கியமானவர். கேட்டவர்கள் எல்லோரும் மேதை என்று சொன்னார்கள். காசநோயால் 1925இல், 22 வயதில், ஓர் இசைத்தட்டு கூட விட்டுவைக்காமல் போய்விட்டார். கூட்டாக வாசிக்கும்போது ஒருவர் இடைவெளி விட, மற்றவர் அதை நிரப்பும் கலையைச் சகோதரிகள் இந்த மாதிரி ஆட்களிடமிருந்துதான் படித்துக்கொண்டார்கள்.

இதைவிடப் பெரிய பள்ளிக்கூடம் ஒன்று இருந்தது. கறுப்பினக் கலைஞர்கள் கறுப்பின ரசிகர்களுக்காக நடத்திய லிரிக் அரங்கு. இனப்பிரிவினை சட்டமாகவே இருந்த தென்மாநிலம் அது. வெள்ளையர் அங்கே போக வேண்டுமானால் அவர்களுக்கென்று தனியாக ஒதுக்கிய நள்ளிரவுக் காட்சிக்குத்தான் போக முடியும். பாஸ்வெல் பிள்ளைகள் போனார்கள். 1920இல் ‘க்ரேஸி ப்ளூஸ்’ இசைத்தட்டின் மூலம் ப்ளூஸ் பாட்டை நாடு முழுக்கக் கொண்டுசென்ற மேமி ஸ்மித்தைக் கானி அங்கே கேட்டார். வீட்டில் இன்னொரு குரு, இசைத்தட்டில் இருந்த இத்தாலிய ஆபரா பாடகர் கரூசோ. மூச்சை எங்கே எடுப்பது, ஒரு சொற்றொடரை எவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு போவது என்பதைக் கரூசோவிடமிருந்து கற்றதாகக் கானி பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். மேமி ஸ்மித்தும் கரூசோவும் சேர்ந்தால் என்ன கிடைக்கும் என்ற கேள்விக்குப் பதில்தான் இந்தப் பெண்.

*

1925 மார்ச்சில் விக்டர் நிறுவனத்தின் ஒலிப்பதிவுக் குழு நியூ ஆர்லியன்ஸுக்கு வந்தது. அப்போது கானிக்கு 17 வயது. ஒரு பக்கத்தில் மார்த்தா இயற்றிய பாட்டை மூவரும் பாட, மறுபக்கத்தில் கானி தனியாக ‘ஐயம் கானா க்ரை’ பாடினார். மைக் இல்லாத காலத்தின் கடைசி மாதங்கள் அவை. பெரிய புனலுக்கு முன்னால் நின்று (கானி விஷயத்தில் உட்கார்ந்து) தொண்டை கிழியக் கத்தினால்தான் மெழுகுத் தட்டில் ஊசி அசையும். அந்தத் தட்டில் இருப்பது வேறு ஒரு கானி. கனத்த, முரட்டுத்தனமான, மேமி ஸ்மித்தின் நகலாகவே ஒலிக்கும் குரல். 17 வயது வெள்ளைக்காரப் பெண் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

இசைத்தட்டு விற்கவில்லை. சகோதரிகள் உள்ளூர் வானொலியிலும் மேடைகளிலும் பாடிக்கொண்டிருந்தார்கள். 1928இல் ஊரை விட்டுக் கிளம்பினார்கள். சிகாகோ, பிறகு மேற்குக் கரை. பல்சுவை மேடை நிகழ்ச்சிகளுக்கு ஊர் ஊராகப் போகும் வாழ்க்கை. இந்த அலைச்சலின்போதுதான் ஹாரி லீடி இவர்களுடைய மேலாளரானார். லாஸ் ஏஞ்சலிஸ் வந்து சேர்ந்தபோது வானொலி வாய்ப்புகள் கிடைத்தன. அங்கேதான் மைக்கோடு நெருங்கிய பழக்கம் ஏற்பட்டது.

மைக் வந்ததால் கத்த வேண்டிய அவசியம் போயிற்று. அது ஒரு பாடகிக்கு என்ன செய்யும் என்பதை 1925ஆம் ஆண்டுத் தட்டையும் 1931ஆம் ஆண்டுத் தட்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் புரியும். காதருகே பேசுவது போலப் பாடலாம். சொல்லைத் தாளத்துக்குச் சற்றுப் பின்னால் சோம்பலாக விழவிடலாம். மூன்று பேர் மைக்குக்கு முன் தலையோடு தலை சேர்த்து உட்கார்ந்து முணுமுணுத்தால், அந்த முணுமுணுப்பு கண்டம் முழுக்கக் கேட்கும். எழுந்து நின்று அரங்கத்தை நிரப்ப முடியாத ஒரு பெண்ணுக்கு இதைவிடப் பொருத்தமான கருவி கண்டுபிடிக்கப்பட்டிருக்க முடியாது.

எல்லாருக்கும் பிடித்துவிடவில்லை. ராகத்தைக் கொலை செய்கிறார்கள், தெரிந்த பாட்டு அடையாளமே தெரியவில்லை, இவர்களை நிறுத்துங்கள் என்று வானொலி நிலையத்துக்குக் கடிதங்கள் வந்தன. இவர்கள் கறுப்பினப் பெண்கள் என்றே நினைத்துக்கொண்டிருந்தவர்களும் உண்டு.

*

1931இல் நியூயார்க். பிரன்ஸ்விக் நிறுவனத்தோடு ஒப்பந்தம். அங்கிருந்து சுமார் ஐந்து ஆண்டுகள்தான் பாஸ்வெல் சகோதரிகளின் காலம் என்று சொல்லப்படுவது. பொருளாதாரப் பெருமந்தம் நாட்டைப் பிடித்தாட்டிய, இசைத்தட்டு விற்பனை படுத்துப்போயிருந்த ஆண்டுகள் அவை. ஆனால் வானொலிக்குக் காசு தேவையில்லை. 1931 ஜூலை 21 அன்று சிபிஎஸ் நிறுவனம் நியூயார்க்கில் சோதனைத் தொலைக்காட்சி ஒளிபரப்பைத் தொடங்கியபோது அதில் பாடியவர்களில் இவர்களும் இருந்தார்கள். 1932இல் பாரமவுண்ட் நிறுவனத்தின் ‘தி பிக் ப்ராட்காஸ்ட்’ படம். பிங் க்ராஸ்பி, மில்ஸ் சகோதரர்கள், கேப் காலவே ஆகியோரோடு இவர்களும் தோன்றினார்கள். 1933இலும் 1935இலும் ஐரோப்பியப் பயணங்கள்.

இவர்கள் அப்படி என்ன செய்தார்கள் என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். நம் சங்கீதத்தில் இரண்டு பேர் சேர்ந்து பாடினால் இரு குரலும் ஒரே சுரத்தில் ஒன்றிப்போவதுதான் அழகு. மேற்கத்திய கூட்டுப் பாட்டில் மூன்று பேரும் ஒரே நேரத்தில் வெவ்வேறு சுரங்களில் நிற்பார்கள். அவை சேர்ந்து ஒரு வண்ணம் பிறக்கும். வழக்கமாக ஒருவர் மேலே, ஒருவர் நடுவே, ஒருவர் கீழே என்று இடம் பிரித்துக்கொண்டு பாட்டு முடியும்வரை அங்கேயே நிற்பார்கள். பாஸ்வெல் சகோதரிகள் பாட்டின் நடுவிலேயே இடம் மாறினார்கள். உடன்பிறந்த குரல்கள் என்பதால் யார் எங்கே போனார் என்று கேட்பவருக்குத் தெரியாது.

இது தொடக்கம்தான். அன்றைய நடனக் குழுக்கள் ஒரு பாட்டை எடுத்தால் ஒரே காலப்பிரமாணத்தில் முடிப்பார்கள். ஆடுகிறவர்களுக்கு அதுதான் வசதி. இவர்கள் மூன்று நிமிடப் பாட்டுக்குள் மூன்று நான்கு முறை காலத்தை மாற்றினார்கள். விளம்பத்தில் ஒரு வரி, துரிதத்தில் அடுத்தது, பிறகு பாதி வேகம். மகிழ்ச்சியான மேஜர் சாயலில் எழுதப்பட்ட பாட்டை மைனருக்குத் திருப்பினார்கள். மூல மெட்டைத் தூக்கி வைத்துவிட்டுப் புதிதாக ஒன்றைச் செருகினார்கள். ட்ரம்பெட் மாதிரியும் சாக்சஃபோன் மாதிரியும் குரல் கொடுத்தார்கள்.

அந்த அர்த்தமில்லாத பாஷை? நம் ஊர்ப் பள்ளிப் பிள்ளைகள் ஒவ்வோர் எழுத்துக்கும் முன்னால் ‘க’ சேர்த்துப் பெரியவர்களுக்குப் புரியாமல் ரகசியம் பேசுவார்களே, அதேதான். சகோதரிகள் சொற்களின் நடுவே ஓர் அசையைச் செருகிச் சிறுவயதில் பேசிக்கொண்ட பாஷையை அப்படியே பாட்டுக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். ‘எவ்ரிபடி லவ்ஸ் மை பேபி’ பதிவில் அதைக் கேட்கலாம். அதைச் சாதாரணமாகப் பேசுவதே கஷ்டம். மூன்று பேர், மூன்று சுரங்களில், துரித காலத்தில், இம்மி பிசகாமல் பாடுகிறார்கள்.

உடன் வாசித்தவர்கள் சாமானியர்கள் அல்லர். டாமி டார்சி, ஜிம்மி டார்சி சகோதரர்கள், பன்னி பெரிகன், ஜோ வெனூட்டி, எடி லேங் என்று அன்றைய வெள்ளையர் ஜாஸின் முதல் வரிசை. இந்தப் பெண்கள் சொல்கிறபடி அவர்கள் வாசித்தார்கள். பாட்டின் கட்டுமானத்தை மூவரும் சேர்ந்துதான் உருவாக்கினார்கள். மார்த்தாவின் பியானோவிலிருந்து பிறந்தவை அதில் ஏராளம். இருந்தாலும் எங்கே நிறுத்துவது, எங்கே திருப்புவது, வாத்தியங்கள் எப்போது உள்ளே வருவது என்று பெரும்பகுதியை யோசித்தவர் கானி. பெண்கள் பாட மட்டுமே செய்ய வேண்டும், ஆண்கள் எழுதிக் கொடுப்பார்கள் என்றிருந்த தொழிலில் இது சிறிய விஷயம் அல்ல.

பிரன்ஸ்விக்கில் இவர்களுடைய பதிவுகளைக் கவனித்துக்கொண்டவர் ஜாக் காப். விற்பனை தெரிந்தவர். மெட்டு எங்கே, மெட்டைக் கேட்கவிடுங்கள் என்பது அவருடைய ஓயாத வேண்டுகோள். காலம் மாற்றுவதையும் மெட்டைப் புரட்டுவதையும் குறைக்கச் சொன்னார். முதல் இரண்டு ஆண்டுத் தட்டுகளில் இருக்கும் துணிச்சல் பிந்தைய தட்டுகளில் அடங்கிப்போவதைக் கேட்க முடிகிறது. வியாபாரக் கணக்கில் காப் சொன்னது தவறென்று சொல்ல முடியாது. அவர்களுடைய மிகப் பெரிய வெற்றி 1935 தொடக்கத்தில் விற்பனையில் முதலிடம் பிடித்த ‘தி ஆப்ஜெக்ட் ஆஃப் மை அஃபெக்‌ஷன்’. இனிமையான, நேரான பாட்டு. எனக்கென்னவோ 1932ஆம் ஆண்டின் கிறுக்குத்தனங்கள்தான் மேல்.

(ஃபிட்ஸ்ஜெரால்ட் அப்போலோ மேடையில் பாடிய இரண்டு பாட்டுகளில் ஒன்று இதே பாட்டுத்தான். ஆனால் சகோதரிகளின் இசைத்தட்டு பிரபலமானது அந்தப் போட்டிக்குப் பிறகு. ஆகவே அந்தப் பெண் எடுத்துக்கொண்டது ஒரு குறிப்பிட்ட பாட்டை அல்ல. கானி பாடும் முறையை. அதாவது வேறு யாரோ பாடிய பாட்டைக் கானி பாடினால் எப்படி இருக்கும் என்று கற்பனை செய்து பாடியிருக்கிறார். பாவனை செய்வதிலேயே இது மேலான ரகம்.)

இன்னொரு வேடிக்கை. 1934இல் வந்த ‘ட்ரான்ஸ்அட்லாண்டிக் மெரி-கோ-ரவுண்ட்’ படத்தில் இவர்கள் பாடிய பாட்டின் தலைப்பு ‘ராக் அண்ட் ரோல்’. கப்பல் கடலில் ஆடுவதைப் பற்றிய பாட்டு. அந்தப் பெயரில் ஓர் இசைவகை உலகத்தை ஆட்டிப்படைக்க இன்னும் இருபது ஆண்டுகள் இருந்தன.

*

இத்தனையிலும் பொதுமக்களில் பெரும்பாலோருக்குக் கானியால் நடக்க முடியாது என்பது தெரியாது. வானொலியில் தெரிய வழியில்லை. மேடையில் திரை விலகுவதற்கு முன்பே அவரைக் கொண்டுவந்து பியானோ அருகே உட்கார வைத்துவிடுவார்கள். மூவரும் நெருங்கி அமர்ந்து பாடுவது அவர்களுடைய பாணி என்றே பார்ப்பவர்கள் நினைத்தார்கள். திரை விழுந்த பிறகுதான் அவர் இடத்தை விட்டு அகல்வார். பின்னாளில் தனியாகப் பாடியபோது இருக்கையை மறைக்கும் நீண்ட கவுன். அவர் நிற்பது போலவே தெரியும்படி உயரமான சக்கர ஆசனம் ஒன்றும் பயன்பட்டது.

அது ரூஸ்வெல்ட் ஜனாதிபதியாக இருந்த காலம் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். அவரும் இளம்பிள்ளை வாதத்தால் கால்களை இழந்தவர். அவரைச் சக்கர நாற்காலியில் படம் எடுக்கக் கூடாது என்பது பத்திரிகைக்காரர்களிடையே எழுதப்படாத விதியாக இருந்தது. நாட்டை ஆள்பவருக்கே அந்தத் திரை தேவைப்பட்டதென்றால், சினிமாவில் காதல் பாட்டுப் பாட வேண்டிய பெண்ணின் நிலை என்ன? கானியின் நிலைமை ரகசியமாகக் காக்கப்பட்டது என்பதைவிட, எல்லோரும் சேர்ந்து பார்க்காதது போல இருந்தார்கள் என்பதே சரி. படத் தயாரிப்பாளர்கள் அப்படி இருக்கவில்லை. அந்தக் குரலும் முகமும் கொண்ட ஒருவருக்கு முழுப் பாத்திரம் கிடைக்கவில்லை. ஒரு பாட்டு, ஒரு காட்சி, அவ்வளவுதான்.

*

1936இல் சகோதரிகள் பிரிந்தார்கள். வெட்டுக்கு ஏற்கனவே ரகசியத் திருமணம் ஆகியிருந்தது. 1935 டிசம்பரில் கானி மேலாளர் லீடியை மணந்தார். அதையடுத்து மார்த்தாவுக்கும் திருமணம். 1936 பிப்ரவரியில் கடைசியாக ஒன்றாகச் சேர்ந்து ஒலிப்பதிவு செய்தார்கள். ஜாக் காப் புதிதாகத் தொடங்கியிருந்த டெக்கா நிறுவனத்துக்காக. அதற்குப் பிறகு மூவரும் ஒரு குழுவாக மேடையேறவில்லை.

ஏன் என்ற கேள்விக்குக் குடும்பத்துக்குள்ளேயே ஒரே பதில் இல்லை. அக்காவும் தங்கையும் குடும்ப வாழ்க்கைக்குப் போக விரும்பினார்கள், தனக்கு வேறு வழியில்லை என்பது கானியின் தரப்பு. ஒருவரை வைத்து நடத்துவது மூவரை வைத்து நடத்துவதைவிட லாபம் என்று கணவரும் நிறுவனமும் கணக்குப் போட்டார்கள் என்பது மற்றத் தரப்பு. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருப்பதில் தடை ஒன்றுமில்லை. 1931 முதலே பிரன்ஸ்விக் கானியைத் தனியாகவும் பதிவு செய்து வந்தது. கதவு ஏற்கனவே பாதி திறந்திருந்தது.

தனிப் பாடகியாக அவர் தோற்றார் என்று யாரும் சொல்ல முடியாது. 1937இல் ஃப்ளோட்டோவின் ‘மார்த்தா’ ஆபராவிலிருந்து ஒரு பாட்டை எடுத்து பாப் க்ராஸ்பியின் குழுவோடு ஸ்விங் தாளத்தில் பாடினார். அது கரூசோ புகழ்பெறப் பாடிய பாட்டு. சிறுவயதில் மூச்சுக் கற்றுக்கொடுத்த குருவுக்கு இப்படியும் ஒரு காணிக்கை. அதன் பெயர் அக்காவின் பெயராகவும் அமைந்துவிட்டது தற்செயல்தானா என்று நான் யோசித்ததுண்டு. பிங் க்ராஸ்பியோடு பாடிய ஜோடிப் பாட்டுகள் இன்னும் பிரபலம். 1938ஆம் ஆண்டின் ‘அலெக்ஸாண்டர்ஸ் ராக்டைம் பேண்ட்’ விற்பனையில் முதலிடம் பெற்றது. க்ராஸ்பியோடு பாடும்போது இருவருக்கும் ஒருவரை ஒருவர் சீண்டிப் பார்க்கும் உற்சாகம் வந்துவிடுகிறது. பக்கத்தில் இன்னொரு குரல் இருந்தால்தான் கானிக்குப் பழைய குறும்பு திரும்புகிறது.

தனிப் பாட்டுகளில் அது குறைவு. அழகாகப் பாடுகிறார், சொல் ஒவ்வொன்றும் தெளிவு, தாளம் கைக்குள் இருக்கிறது. ஆனால் அந்தக் கட்டுமான மூளைக்கு இப்போது வேலை இல்லை. மூன்று குரல்களுக்காக யோசித்துப் பழகியவருக்கு ஒரு குரல் மட்டும் மிச்சமிருந்தது. தொழில் இதைப் பதவி உயர்வு என்று பார்த்தது. எனக்கு அப்படிக் கேட்கவில்லை.

காலியான இடத்தை வேறு மூவர் நிரப்பினார்கள். மின்னசோட்டாவைச் சேர்ந்த ஆண்ட்ரூஸ் சகோதரிகள் பாஸ்வெல் தட்டுகளைக் கேட்டுப் பாடக் கற்றவர்கள். அவர்களுடைய தென்மாநில உச்சரிப்பைக் கூட வடக்கே பிறந்த இவர்கள் காப்பியடித்தார்களாம். அதே டெக்கா, அதே ஜாக் காப். மெட்டு தெளிவாக, தாளம் சீராக, ஆடுவதற்கு ஏற்ப. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அவர்கள் சிப்பாய்களின் செல்லப்பிள்ளைகள் ஆனார்கள். கானியும் படைவீரர்களுக்காக வெளிநாடு போய்ப் பாட விரும்பினார். சக்கர நாற்காலி காரணமாக அனுமதி கிடைக்கவில்லை. உள்நாட்டு முகாம்களிலும் காயம்பட்டவர்கள் இருந்த மருத்துவமனைகளிலும் பாடினார். கால் இழந்து படுத்திருந்த இளைஞர்களுக்கு முன்னால் அவர் நாற்காலியை மறைக்க வேண்டிய அவசியம் இருந்திருக்காது.

நாற்பதுகளில் தன் பெயரின் இங்கிலீஷ் எழுத்தை மாற்றிக்கொண்டார். கடைசியில் இருந்த ‘ஐ’யை எடுத்துவிட்டு இரண்டு ‘ஈ’ போட்டுக்கொண்டார். கையெழுத்துப் போடும்போது ஐ-க்கு மேல் புள்ளி வைக்கும் வேலை மிச்சம் என்று காரணம் சொல்லப்பட்டது. எண்கணித சோதிடம் அல்ல, நம்பலாம்.

பிறகு வந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1941இல் ‘கிஸ் த பாய்ஸ் குட்பை’, 1942இல் ‘சின்கோபேஷன்’ என்று அங்கொன்றும் இங்கொன்றுமாகப் படங்கள். ‘ஸ்விங் பரேட் ஆஃப் 1946’ படத்தில் ‘ஸ்டார்மி வெதர்’ பாடினார். 1954இல் ஓர் இசைத்தட்டு நன்றாக விற்றது. 1956இல் ஒரிஜினல் மெம்ஃபிஸ் ஃபைவ் குழுவோடு ஒரு நீள்தட்டு. பழைய நியூ ஆர்லியன்ஸ் வாசனை அதில் திரும்பி வருகிறது. 1959இல் ‘பீட் கெல்லிஸ் ப்ளூஸ்’ என்ற தொலைக்காட்சித் தொடரில் பாடகி பாத்திரம். அதற்குள் ராக் அண்ட் ரோல் வந்துவிட்டது. இம்முறை கப்பலைப் பற்றியது அல்ல.

மார்த்தா 1958இல், 53 வயதில் காலமானார். ஹாரி லீடி 1975 ஜனவரி 1 அன்று இறந்தார். மறு ஆண்டு, 1976 அக்டோபர் 11ஆம் தேதி, வயிற்றுப் புற்றுநோயால் கானி நியூயார்க்கில் காலமானார். வயது 68. வெட் மட்டும் 1988 வரை இருந்தார். குரல் குழுக்களுக்கான அமெரிக்க நினைவு மன்றம் 1998இல் முதல் வரிசையினரைச் சேர்த்தபோது அதில் பாஸ்வெல் சகோதரிகள் இடம்பெற்றார்கள், மூவரும் ஒன்றாக.

கேட்கத் தொடங்க விரும்பும் வாசகர்கள் 1925ஆம் ஆண்டின் ‘ஐயம் கானா க்ரை’யை முதலில் கேளுங்கள். கரகரப்பாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். அடுத்து 1931ஆம் ஆண்டுப் பிரன்ஸ்விக் பதிவான ‘ஹீபி ஜீபீஸ்’. 1926இல் லூயி ஆர்ம்ஸ்ட்ராங் பிரபலப்படுத்திய பாட்டு அது. லிரிக் அரங்கின் நள்ளிரவுக் காட்சியில் ஒரு வெள்ளைக்காரச் சிறுமி காதில் வாங்கிக்கொண்டது, மூன்று குரல்களாகி வானொலி வழியே போய், ஹார்லெமில் ஒரு கறுப்பினச் சிறுமியின் தொண்டைக்குள் புகுந்த பாதை இந்த இரண்டு தட்டுகளுக்கு நடுவில்தான் ஓடுகிறது. மூன்றாவதாக ஃபிட்ஸ்ஜெரால்டின் முப்பதுகளின் பதிவு எதையாவது போடுங்கள். சொல்லின் முடிவை அவர் எப்படி விடுகிறார் என்று கவனியுங்கள்.